அனோவா பட்டனுக்குப் பின்னாடி ஒருத்தர்

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. போன செமஸ்டர்ல நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் மடியில் சென்சார் பெட்டியை வெச்சுக்கிட்டு அந்த இருபதையும் எத்தனை தடவை ஏறி இறங்கினோம்னு கணக்கே இல்லை. நாகலூர் போற வழியில் தெரிஞ்சவர் ஒருத்தரோட சின்னக் காபித் தோட்டம். அங்கே 12 பாத்தி பிரித்து, மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார் 12 புதைத்தோம். எந்த மூடாக்கு போட்டால் மண் அதிக நாள் ஈரமாக இருக்கும் என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். மூணு வகை: சில்வர் ஓக் சருகு, காபிப் பழத்தோல், எதுவும் போடாத வெறும் மண். ஒவ்வொன்றுக்கும் நாலு பாத்தி.

டேட்டா வந்தது. சாஃப்ட்வேரில் போட்டோம். மெனுவில் ஒன்-வே அனோவா, ஒரு க்ளிக். பி-வேல்யூ 0.01-க்கும் கீழே. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல பரோட்டா பார்ட்டி.

அடுத்த நாள் ரிவ்யூவில் எங்க கைடு மேடம் அந்த டேபிளைப் பார்க்கவே இல்லை. எந்தப் பாத்தியில் எதைப் போட்டீங்கன்னு மட்டும் கேட்டாங்க. நாங்க போட்டது இப்படி: மேட்டில் இருந்த நாலு பாத்தி வெறும் மண், நடுவில் நாலு பழத்தோல், கீழே பள்ளத்தில் நாலு சருகு. ஏன்னா சருகு கீழேதான் குவிஞ்சு கிடந்தது, மேலே தூக்கிட்டுப் போக சோம்பேறித்தனம். மலைச்சரிவில் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாங்க அளந்தது மூடாக்கையா, சரிவையா? அந்த டேபிளில் பதில் கிடையாது. சாஃப்ட்வேர் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. தப்பு நாங்க மண்வெட்டி எடுத்த அன்னைக்கே நடந்து முடிஞ்சிருச்சு.

மேடம் கேட்ட அந்தக் கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டு, கேட்டதோடு நிற்காமல் அதுக்கு ஒரு முழு முறையையே உருவாக்கினவர் ரொனால்ட் எய்ல்மர் ஃபிஷர். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எஃப்-டெஸ்ட்டில் இருக்கும் எஃப் அவர் பெயரின் முதல் எழுத்து. மெஷின் லேர்னிங் லேபில் முதல் நாளே திறந்தீங்களே ஐரிஸ் டேட்டாசெட், மூணு இனம், 150 பூ, அதை 1936-ல் ஒரு கட்டுரையில் போட்டு உலகத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். (பூக்களை அளந்தது எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். அவர் பேரை யாரும் சொல்றதில்லை, பாவம்.)

ஃபிஷர் 1890 பிப்ரவரி 17 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஏலக் கம்பெனியில் பங்குதாரர், வசதியான வீடு. 14 வயதில் அம்மா இறந்தார். கொஞ்ச நாளில் அப்பாவின் தொழிலும் நொடித்தது. அப்புறம் ஸ்காலர்ஷிப்பில்தான் படிப்பு. பையனுக்குப் பார்வை ரொம்ப மோசம். கண்ணைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் படிக்கத் தடை. அதனால் ஹாரோ பள்ளியில் அவருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த ஆசிரியர் பேப்பர் பென்சில் இல்லாமல் வாயாலேயே சொல்லிக் கொடுத்தார். பையன் மனசுக்குள்ளேயே படம் போட்டுப் பார்க்கப் பழகிட்டான். பின்னாளில் இதுவே மற்றவர்களுக்குத் தலைவலி. பத்து வரி ஸ்டெப் போட வேண்டிய இடத்தில் ஃபிஷர் நேராக விடையை எழுதிவிட்டுப் போய்விடுவார். நம்ம இன்டர்னல்ல அப்படி எழுதினா எத்தனை மார்க் வரும்னு யோசிச்சுப் பாருங்க.

1909-ல் கேம்பிரிட்ஜ், 1912-ல் பட்டம். நம்மைப் போல கடைசி வருஷத்தில் இருக்கும்போதே, பின்னாளில் மேக்ஸிமம் லைக்லிஹுட் என்று பெயர் பெற்ற முறையின் விதை அடங்கிய கட்டுரையை வெளியிட்டுவிட்டார். ஆனால் வேலை? கேம்பஸ் இன்டர்வியூ எதுவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கனடாவில் ஒரு பண்ணையில் சில மாதம் உழைத்தார். லண்டனில் ஒரு முதலீட்டுக் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். 1914-ல் போர் வந்ததும் ராணுவத்தில் சேரப் போனார், கண் பார்வையைக் காட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் 1919 வரை பள்ளிக்கூட வாத்தியார். அந்த வேலை அவருக்குச் சுத்தமா ஒத்துவரலை. 1917-ல் கல்யாணம். போர்க்காலப் பஞ்சத்தில் குடும்பம் ஒரு சின்னப் பண்ணையை வைத்துக்கொண்டு பிழைத்தது.

அந்த வாத்தியார் வேலைக்கு நடுவில் 1918-ல் ஒரு கட்டுரை. அப்பா அம்மா உயரத்துக்கும் பிள்ளை உயரத்துக்கும் உள்ள தொடர்பை மெண்டலின் மரபு விதிகளில் இருந்தே விளக்கிவிட முடியும் என்று காட்டினார். வேரியன்ஸ் என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் முதலில் பயன்படுத்தியது அதில்தான். மொத்த மாறுபாட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், இவ்வளவு இந்தக் காரணத்தால், இவ்வளவு அந்தக் காரணத்தால் என்று பங்கு போடலாம் என்ற யோசனையும் அங்கேதான் முளைத்தது. ஸ்டாண்டர்ட் டீவியேஷனைக் கூட்ட முடியாது, அதன் வர்க்கத்தைக் கூட்டலாம். இவ்வளவுதான் விஷயம். பித்தாகரஸ் மாதிரி. மனசுக்குள் ஜியோமெட்ரி போட்டுப் பழகினவருக்கு இது கண்ணுக்கு எதிரே தெரிஞ்சிருக்கணும்.

1919-ல் அவருக்கு ரெண்டு வாய்ப்பு வந்தது. ஒண்ணு, அந்தக் காலத்தில் புள்ளியியலின் பெரிய தலை கார்ல் பியர்சனின் லண்டன் ஆய்வகம். இன்னொன்று ரோத்தம்ஸ்டெட். லண்டனுக்கு வடக்கே ஹார்பெண்டன் என்ற ஊரில் 1843-ல் ஆரம்பித்த விவசாய ஆராய்ச்சி நிலையம் அது. ஃபிஷர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார், அதுவும் தற்காலிக வேலை. அங்கே எழுபது வருஷத்துக்கும் மேலான பதிவேடுகள் குவிந்து கிடந்தன: எந்த வயலில் என்ன உரம், எவ்வளவு கோதுமை, எவ்வளவு மழை. அவரை வேலைக்கு எடுத்த இயக்குநர் ஜான் ரஸ்ஸலுக்கு அந்தக் குவியலில் இருந்து இன்னும் ஏதாவது எடுக்க முடியுமா என்று தெரிய வேண்டும்.

நம்ம காலத்து பாஷையில் சொன்னால், ஒரு டேட்டா சயின்டிஸ்ட் போஸ்டிங். லேப்டாப்? மில்லியனர் என்ற பெயரில் ஒரு இயந்திரக் கால்குலேட்டர். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பெருக்க வேண்டும். நாம ஒரு க்ளிக்ல பார்க்கிற சம் ஆஃப் ஸ்குவேர்ஸ் அவருக்குப் பல நாள் வேலை.

ஒரு விஷயம் கவனிங்க. அந்தப் பழைய பதிவேடுகளைத் தோண்டித் தோண்டி ஃபிஷர் கண்டுபிடித்தது முக்கியமா இதுதான்: அதில் பலவற்றில் இருந்து தெளிவான விடையை எடுக்கவே முடியாது. உரம் போட்ட வயலும் போடாத வயலும் வேற வேற இடத்தில் இருந்தன. மண் வேற, சரிவு வேற, களை வேற. எது எதனால் வந்ததுன்னு பிரிக்க வழியே கிடையாது. எங்க மேட்டு வெறும் மண்ணும் பள்ளத்துச் சருகும் மாதிரி.

1923-ல் வினிஃப்ரட் மெக்கன்ஸி என்பவருடன் சேர்ந்து உருளைக்கிழங்கு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 12 ரகம், ஆறு வகை உரம். ஒவ்வொரு ரகமும் உரத்துக்கு வேற வேற மாதிரி பதில் சொல்லுதா என்பது கேள்வி. அச்சில் வந்த முதல் முழு அனோவா டேபிள்களில் ஒன்று அதுதான். இதுல ரசமான சமாச்சாரம் என்னன்னா, அதில் ஃபிஷரே சறுக்கிவிட்டார். பெரிய துண்டு நிலத்தில் ஒன்றும் அதற்குள் சின்னத் துண்டுகளில் இன்னொன்றுமாக அமைந்த சோதனை அது. இரண்டுக்கும் தனித்தனிப் பிழைக் கணக்கு வேண்டும். அவர் ஒன்றே ஒன்றை வைத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் தன் புத்தகத்தில் அதைச் சரியாகப் பிரித்துப் போட்டார். இன்னைக்கும் ஸ்ப்ளிட்-ப்ளாட் டேட்டாவைக் கொண்டுபோய் சாதாரண டூ-வே அனோவாவில் போடுகிற சீனியர்களை நான் பார்த்திருக்கேன். கண்டுபிடிச்சவரே பண்ணின தப்புன்னு ஆறுதல் பட்டுக்கலாம்.

அந்தப் புத்தகம் 1925-ல் வந்தது, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கான புள்ளியியல் முறைகள் பற்றி. நிரூபணங்கள் கிட்டத்தட்டக் கிடையாது, டேபிள்களும் செய்துகாட்டிய கணக்குகளும்தான். கணிதக்காரர்கள் முகம் சுளித்தார்கள், விவசாய ஆராய்ச்சிக்காரர்களும் உயிரியல்காரர்களும் வாங்கித் தீர்த்தார்கள். நாம கும்பிடுகிற 5 சதவீத எல்லை பரவியது இதன் வழியாகத்தான். இருபதில் ஒரு தடவை தற்செயலாக வரலாம் என்பது ஒரு வசதியான கோடு, அவ்வளவுதான். பின்னாளில், எல்லாச் சோதனைக்கும் ஒரே கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதை அவரே எதிர்த்து எழுதினார். யாரும் அதைக் கேட்டதா தெரியலை. எஃப் என்ற எழுத்துகூட அவர் வைத்ததில்லை. அவர் இசட் என்று வேறு வடிவில் வைத்திருந்ததை, 1934-ல் அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஸ்னெடெகர் சுலபமாக மாற்றி, மரியாதைக்காக எஃப் என்று பெயரிட்டார்.

ஆனால் என்னைக் கேட்டால் ஃபிஷரின் பெரிய சாதனை அனோவா டேபிள் இல்லை. 1926-ல் வயல் சோதனைகளை எப்படி அமைப்பது என்று எழுதிய கட்டுரையும், 1935-ல் வந்த சோதனை வடிவமைப்பு பற்றிய புத்தகமும்தான். இதை ஏற்காட்டுச் சரிவை வைத்தே சொல்றேன், புரியும்.

ஏற்காட்டில் காபிக்கு 200 வருஷ வரலாறு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வாங்க. சேர்வராயன் மலையில் ஒரு தோட்டத்துக்குள்ள நின்னு பாருங்க. ஒரு அடி சமதளம் கிடையாது. மேலே மண் ஆழம் குறைவு, கீழே இறங்க இறங்க மண்ணும் கூடும், ஈரமும் கூடும். ஒரு பக்கம் காலை வெயில், இன்னொரு பக்கம் சில்வர் ஓக் நிழல், அதில் மிளகுக் கொடி வேற. இந்த மாதிரி இடத்தில் மூணு மூடாக்கை ஒப்பிடணும்னா என்ன செய்வீங்க?

ஒரே மாதிரி நிலத்தைத் தேடிப் போவேன் என்பீங்க. அப்படி ஒண்ணு கிடைக்காது, ஃபிஷர் தேடவும் இல்லை. அவர் வழி இது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் ஒரு பட்டை. அதில் மூணு பாத்தி. மூணு பாத்தியிலும் மூணு மூடாக்கும் ஒவ்வொன்று வரும். அதற்குக் கீழே இன்னொரு பட்டை, அதிலும் மூணும் வரும். இப்படி நாலு பட்டை. இதுதான் ப்ளாக். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் மூணு மூடாக்குக்கும் சமமா போய்ச் சேருது, யாருக்கும் அநியாயம் இல்லை. அது மட்டுமில்லை, அந்த வித்தியாசம் எவ்வளவுன்னு தனியா அளந்து, டேபிளில் தனி வரியாக எடுத்து வெளியே வைத்துவிடலாம். மிச்சம் இருக்கும் பிழை சின்னதாகும், அப்போ மூடாக்கின் உண்மையான வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சரி, ஒரு பட்டைக்குள் மூணு பாத்தியில் எது எங்கே? இங்கேதான் மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். அனுபவசாலி ஒருத்தர் பார்த்து அழகா, சீரா அமைச்சா போதாதா என்றார்கள். ஃபிஷர் ஒத்துக்கவே இல்லை. குலுக்கிப் போடணும் என்றார். மனுஷன் கையில் விட்டால் தெரிஞ்சோ தெரியாமலோ ஒரு சாய்வு வந்துடும், நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் வரும். குலுக்கல்தான் பி-வேல்யூவுக்கு அஸ்திவாரம். எப்படின்னா, ஒரு பட்டையில் மூணு மூடாக்கை 6 விதமா வைக்கலாம். நாலு பட்டைக்கு 6 பெருக்கல் 6 பெருக்கல் 6 பெருக்கல் 6, மொத்தம் 1296 அமைப்பு. மூடாக்கால் எந்த வித்தியாசமும் இல்லைன்னா, அந்த 1296-ல் எது வந்திருந்தாலும் அளவுகள் இதே அளவுகள்தான். நமக்கு வந்த அளவு பெரிய வித்தியாசம் அந்த 1296-ல் எத்தனை தடவை வரும் என்று எண்ணினால், அதுதான் தற்செயலின் பங்கு. எஃப் டேபிள் அந்த எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் குறுக்குவழி. நாங்க செய்த மாதிரி குலுக்காமல் போட்டால் எண்ணுவதற்கு 1296 கிடையாது, ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு ஏது பி-வேல்யூ? சாஃப்ட்வேர் என்னவோ ஒரு நம்பரைக் கொடுக்கும். கேட்டா கொடுக்கும், அதுக்கென்ன.

1935 புத்தகத்தில் இதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது வயல் கூட இல்லை, டீ. ரோத்தம்ஸ்டெட்டில் பாசி ஆராய்ச்சி செய்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண்மணி, கோப்பையில் முதலில் பால் ஊத்தினதா டீ ஊத்தினதான்னு குடிச்சுப் பார்த்தே சொல்லிடுவேன் என்றாராம். நம்ம ஊர்ல டிகாக்ஷன் முதல்லயா பால் முதல்லயான்னு சண்டை போடுகிற மாதிரி. எட்டுக் கோப்பை, நாலு இப்படி, நாலு அப்படி, வரிசையைக் குலுக்கிக் கொடுக்கணும். எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி. எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70-ல் ஒன்று. அந்தச் சின்னக் கதையில் மொத்த வடிவமைப்புக் கலையும் அடங்கியிருக்கு.

இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பிசிக்ஸ் பேராசிரியராக இருந்த மகலனோபிஸ் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பித்தார். அவர் அழைப்பில் ஃபிஷர் இங்கே வந்து, 1938 ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சோதனை எல்லாம் முடிஞ்சப்புறம் புள்ளியியல்காரரிடம் வருவது பிணப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போல என்ற அவருடைய புகழ்பெற்ற ஒப்புமை அந்தத் தலைமை உரையில் வருவதுதான். அவர் சொல்ல வந்தது, எதனால் செத்ததுன்னு மட்டும்தான் அப்போ சொல்ல முடியும் என்பது. எங்க முதல் ரிவ்யூ நடந்தது வேறென்ன? அதே விஷயம்.

அங்கே அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. ஆர்.சி. போஸ் 1939-ல் முழுமையற்ற ப்ளாக் வடிவமைப்புகளைக் கட்டும் முறையை எழுதினார். 1959-ல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து, ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் முடியாது என்று சொல்லிவிட்டுப் போன சதுரங்களைக் கட்டிக் காட்டினவரும் அதே போஸ்தான். சி.ஆர். ராவ் பிறகு கேம்பிரிட்ஜ் போய் ஃபிஷரிடமே பிஎச்.டி. செய்தார். 1954-ல் பான்ஸேயும் சுகாத்மேயும் விவசாய ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதிய புள்ளியியல் புத்தகம் நாடு முழுக்க விவசாயக் கல்லூரிகளில் பாடமானது. இன்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற உங்க ஃப்ரெண்டைக் கேளுங்க, ஆர்.பி.டி. என்றால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாங்க. நம்ம பிராஞ்சில்தான் அது சிலபஸில் ஒரு யூனிட், பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறோம். அந்தப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே இருக்கு. ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம். தோணலை.

ஃபிஷரை இதுவரைக்கும் ஹீரோவா சொல்லிட்டேன். இனி சொல்றதையும் கேட்டுக்கங்க, அதையும் விட முடியாது.

முதலில் கோபம். மனுஷன் சண்டைக்காரர். கார்ல் பியர்சனின் கை-ஸ்குவேர் டெஸ்ட்டில் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் தப்பு என்று 1922-ல் காட்டினார். ஃபிஷர் சொன்னதுதான் சரி. ஆனால் அந்தப் பகை பியர்சன் சாகும்வரை ஓயலை. 1933-ல் பியர்சன் ஓய்வு பெற்றதும் லண்டன் பல்கலைக் கல்லூரியில் அவர் துறையை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃபிஷருக்கும், இன்னொன்றை பியர்சனின் மகன் ஈகனுக்கும் கொடுத்தார்கள். ஒரே கட்டிடத்தில் ரெண்டு துறை, பேச்சுவார்த்தை அரிது. ஹைபோதிசிஸ் டெஸ்ட் என்று நமக்குப் பாடம் எடுக்கிறது பாதி ஃபிஷர், பாதி அவர் எதிரிகளான நெய்மனும் ஈகன் பியர்சனும். ரெண்டு தரப்பும் ஒத்துக்காத கலவையைத்தான் நாம மனப்பாடம் பண்றோம்.

ரெண்டாவது, இனமேம்பாட்டுக் கொள்கை. மனிதர்களில் யார் பிள்ளை பெறணும், யார் பெறக்கூடாது என்று திட்டமிடலாம் என்கிற அந்தக் கொள்கையை மாணவனாக இருந்த காலத்தில் பிடித்தவர், கடைசி வரை விடவில்லை. லண்டனில் அவர் வகித்த பதவியின் பெயரே அதுதான். நம்ம ஐரிஸ் கட்டுரை வெளிவந்த பத்திரிகையின் பெயரும் அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யுனெஸ்கோ இனம் பற்றி வெளியிட்ட அறிக்கையில், எல்லா இனத்துக்கும் மனத்திறன் ஒன்றுதான் என்ற போக்கை அவர் ஏற்கவில்லை. மகலனோபிஸோட நட்பு, ராவுக்கு வழிகாட்டி, இந்தியாவுக்குத் திரும்பத் திரும்ப வந்தவர், அதே ஆள். 2020-ல் அவர் படித்த கேம்பிரிட்ஜ் கல்லூரி, அவர் நினைவாக 1989-ல் வைத்திருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் கழற்றிவிட்டது. அவர் சோதனைகளில் பயன்படுத்திய லத்தீன் சதுரம்தான் அந்தக் கண்ணாடியில் இருந்த வடிவம். கழற்றியது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தினம் தலைக்கு மேல் தொங்க வேண்டிய அவசியம் இல்லை, சூத்திரம் எங்கேயும் போயிடாது.

மூணாவதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. 1950-ல் டால், ஹில் இருவரும் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1957-ல் இருந்து ஃபிஷர் அதை எதிர்த்து எழுத ஆரம்பித்தார். அவர் வாதம் என்ன தெரியுமா? குலுக்கல் இல்லை. யார் புகைக்கணும்னு யாரும் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலையே, புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்துக் கொடுக்கிற ஏதோ ஒரு மரபணு இருந்தால்? எங்க மேடம் கேட்ட அதே கேள்வி. மூடாக்கா, சரிவா? கேள்வி தப்பில்லை. ஆனால் பதில் வந்துகொண்டே இருந்தது. டாக்டர்களையே வருஷக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. மறைந்திருக்கும் காரணம் ஒன்று உண்டு என்றால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கார்ன்ஃபீல்டும் மற்றவர்களும் 1959-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்ப முடியாத அளவு பெரிது. ஃபிஷர் அசையவில்லை. அவர் வாயில் எப்பவும் பைப். புகையிலைக் கம்பெனிகளின் குழு ஒன்றுக்கு ஆலோசகர் வேற. காசுக்காகச் சொன்னார் என்று நான் நினைக்கலை, அவர் குணம் அப்படி வளையாது. ஆனால் சாய்வு என்பது நல்ல எண்ணத்தோட செஞ்சாலும் வந்துடும் என்று உலகத்துக்குச் சொன்னவருக்குத் தன் சாய்வு தெரியலை.

1943-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆனார். அதே வருஷம் விமானப்படையில் இருந்த மூத்த மகன் போரில் இறந்தான். 1952-ல் சர் பட்டம், 1957-ல் ஓய்வு. கடைசி மூணு வருஷம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆராய்ச்சி. 1962 ஜூலை 29 அன்று அங்கேயே இறந்தார். புற்றுநோய்தான், ஆனால் நுரையீரலில் இல்லை, பெருங்குடலில்.

அவர் போனதுக்கப்புறம்தான் நம்ம சாஃப்ட்வேர்கள் வந்தன. எஸ்.பி.எஸ்.எஸ். 1968-ல். சாஸ் பிறந்தது அமெரிக்காவில் விவசாய ஆராய்ச்சி டேட்டாவை அலசத்தான். ஜென்ஸ்டாட் அவர் வேலை செய்த ரோத்தம்ஸ்டெட்டிலேயே உருவானது. ஆர் மொழி 1990-களில் நியூசிலாந்தில். அதைத் திறந்தால் ஐரிஸ் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இதுக்குள்ள நாங்க கத்துக்கிட்ட ரெண்டு விஷயத்தைச் சொல்லிடறேன், உங்களுக்கு ரெண்டு நாள் மிச்சமாகும். மூடாக்கை 1, 2, 3 என்று எண்ணா டைப் பண்ணி ஆரில் அப்படியே அனோவா ஓட்டினால், அது பேர் இல்லை அளவுன்னு நினைச்சு ஒரு நேர்கோட்டைப் பொருத்திடும். கண்டுபிடிக்க வழி டி.எஃப். காலம். மூணு வகைன்னா அங்கே 2 இருக்கணும், 1 இருந்தா போச்சு. ஃபேக்டரா மாத்திட்டுத் திரும்ப ஓட்டுங்க. இன்னொண்ணு, ஒரு சென்சார் செத்துப்போய் ஒரு பாத்திக்கு டேட்டா இல்லைன்னா, ஆரும் எஸ்.பி.எஸ்.எஸ்.-ஸும் வேற வேற பதில் கொடுக்கும். ரெண்டும் சரிதான். ஆர் வரிகளை நீங்க எழுதின வரிசைப்படி ஒண்ணு ஒண்ணா கழிச்சுக்கிட்டே வரும். எஸ்.பி.எஸ்.எஸ். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாத்தையும் கழிச்சதுக்கப்புறம் பார்க்கும். அதனால் ஆரில் ப்ளாக்கை முதலில் எழுதுங்க, மூடாக்கை அப்புறம்.

ரிவ்யூ முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப ஏற்காடு போனோம். 12 சென்சாரையும் தோண்டி எடுத்து, சரிவுக்குக் குறுக்கே கயிறு கட்டி நாலு பட்டை போட்டோம். தோட்டக்காரர் வீட்டு அம்மாகிட்ட ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, மூணு சீட்டு எழுதி, ஒவ்வொரு பட்டைக்கும் அவங்களையே எடுக்கச் சொன்னோம். சாமி கோயில்ல பூ போட்டுப் பார்க்கிற மாதிரி அவங்க கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாங்க. மேல் பட்டையில் சருகு விழுந்தது. ரெண்டு பேரும் சாக்கில் கட்டி மேலே தூக்கிட்டுப் போனோம், மூச்சு வாங்கிடுச்சு. இப்போ டேபிளில் ட்ரீட்மென்ட்டுக்கு 2, ப்ளாக்குக்கு 3, பிழைக்கு 6. எஃப் 5.14-ஐத் தாண்டணும். முன்னாடி 2, 9-க்கு 4.26 தாண்டினாலே போதும், இப்போ கோடு உயர்ந்திருக்கு, ஆனால் சரிவு வெளியே போயிடுச்சு. டேட்டா இன்னும் மூணு வாரம் ஓடணும். ரெண்டாவது ரிவ்யூ அடுத்த மாசம்.